பதினொன்றே கால் அம்ரும் கப்பல்

அத்தியாயம் 6

"காந்தன், நீர் உந்தப் பிள்ளையை நம்பிறீரோ?"

சுந்தரேஸ்வரி அக்கா இதைக் கேட்டபோது, 'உந்தப் பிள்ளை' ரயில் கழிவறைக்குள் இருந்தாள். நீபுல்லில் இருந்து டாகெபுல் துறைமுகத்துக்குப் போகும் குட்டி ரயில் அது. பெட்டிக்குள் நாற்பது ஜெர்மன்காரரும் ஐம்பது சைக்கிளும் அடைந்து கிடந்தன. என் முழங்காலில் யாருடையதோ நாய் ஒன்று தலையை வைத்து உறங்கியது.

"நம்பாமல்? எங்கட கட்சிக்காரி, அக்கா. காலமை வெள்ளன எழும்பி எங்களுக்கும் சேர்த்துப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறா. சாப்பாடு தாறவையை நான் சந்தேகப்படுறேல்லை. அது என்ர கொள்கை."

"உம்முடைய கொள்கை வயித்தில கிடக்கு. நான் மூளையைக் கேட்டனான்."

இதுதான் அக்கா. ஹம்பேர்க் ரயில்களில் இருபத்தேழு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் திறந்தார். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவருக்குக் கள்ளனைப் பிடிப்பது என்ன பெரிய வேலை என்பது அவர் கட்சி. நான் ஜெயகாந்த், அவருடைய உதவியாளன். பதினெட்டு வருடம் டாக்சி ஓட்டியவன். முப்பதில் போகவேண்டிய இடத்தில் எழுபதில் போனேன் என்று ஒரு மாதத்துக்கு என் லைசன்ஸைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த மலிவுப் பயணம். மாதச் சீட்டை வைத்துக்கொண்டு மெதுவான ரயிலில் மூன்று முறை மாறி, நாய்க்குத் தலையணையாகி, கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஹம்பேர்க்கில் ஒரு அமைதியான தெருவில், சைக்கிளில் போன அருட்பிரகாசம் அண்ணையை ஒரு நீலக் கார் அடித்துவிட்டு ஓடிவிட்டது. அண்ணை இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கார் கவிஷனுடையது. கவிஷன் இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பொடியன், சுப்பர்மார்க்கெட்டில் வேலை, சனி ஞாயிறில் குறைந்த காசில் ஊர் சுற்றி வீடியோ போடுகிறவன். அன்றைக்குத் தான் தனியாகத் தீவுகளுக்குக் கப்பலில் போயிருந்ததாகச் சொல்கிறான். தெருவில் வேலை நடந்ததால், யாராவது காரை நகர்த்தச் சொன்னால் நகர்த்தும்படி சாவியை, எங்கள் பாசையில் திறப்பை, மேல்வீட்டு உமாபதியிடம் கொடுத்துவிட்டுப் போனானாம்.

உமாபதி தூத்துக்குடிக்காரர், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. போலீஸ் வந்து கதவைத் தட்டியதுமே, "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வக்கீலோடு போய் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்கப் போகிறார். கொடுத்தால் வேலையும் போகும், விசாவும் ஆட்டம் காணும், அவரும் மனைவியும் சின்ன மகளும் ஊருக்குப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அவருடைய மனைவிதான் அம்பிகா. "என் வீட்டுக்காரர் ஓட்டல, அன்னைக்கு அவர் லேப்ல இருந்தார்" என்று எங்களிடம் வந்து அழுதவள்.

நான் லேபில் விசாரித்தேன். வாசல் அட்டைப் பதிவின்படி, அந்தச் சனிக்கிழமை உமாபதி அங்கே காலே வைக்கவில்லை.

ஆக, புருஷன் ஓட்டினேன் என்கிறான், பெண்சாதி லேப் என்கிறாள், லேப் இல்லை என்கிறது, கீழ்வீட்டுக்காரன் தனியாகக் கப்பலில் போனேன் என்கிறான். இதில் ஒன்றுக்கொன்று பொருந்துவது மருந்துக்கும் இல்லை.

"எனக்குச் சந்தேகம் கவிஷனிலைதான்," என்றேன். "வேறை நாள் எடுத்த வீடியோவை அண்டைக்குப் போட்டிருக்கிறான். திறப்புக் குடுத்த கதை முழுப்பொய். உமாபதி பாவம், என்னவோ ஒண்டுக்குப் பயந்து தலையைக் குடுக்கிறார்."

"இருக்கலாம். அதுசரி, அம்பிகா எங்களிட்டை வந்து என்ன கேட்டவ? சொல்லும் பாப்பம்."

"புருஷன் ஓட்டேல்லை எண்டு நிரூபிக்கச் சொல்லி."

"வேறை?"

"வேறை ஒண்டும் கேக்கேல்லையே."

"ம்," என்றார் அக்கா. அந்த 'ம்'முக்கு அர்த்தம் கேட்பதற்குள் அம்பிகா கழிவறையில் இருந்து திரும்பி வந்துவிட்டாள். மடியில் இருந்த சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எல்லாம் பார்ப்பாங்களா மேடம், கப்பல்ல?" என்று கேட்டாள்.

"போகேக்கை பாப்பினம். வரேக்கை பாக்கிறேல்லை. தீவுக்குப் போனவர் எப்பிடியும் திரும்பி வரத்தானே வேணும்." அக்கா சிரித்தார். "நான் இருபத்தேழு வருஷம் டிக்கெட் பாத்தனான், பிள்ளை. நித்திரை மாதிரி நடிச்சவை, பாசை தெரியாத மாதிரி நடிச்சவை, ஒருக்கா ஒருத்தர் வலிப்பு வந்த மாதிரியும் நடிச்சவர். ஆனா ஒருத்தராவது தானா எழும்பி வந்து, என்னட்டை டிக்கெட் இல்லை அம்மா எண்டு சொன்னதில்லை. ஒருத்தர்கூட இல்லை."

அம்பிகா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

ரயில் கப்பல்துறையின் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டியது. மாதச் சீட்டின் வீரம் அதோடு சரி. கடலுக்குத் தனியாக டிக்கெட் எடுக்கவேண்டும். பகல் பயணச் சீட்டு மூன்று எடுத்துக்கொண்டு, முதல் கப்பலில் ஃபோர் தீவுக்குப் போனோம். மேல்தட்டில் காற்று என் தொப்பியைக் கழற்றிக் கடலில் எறிந்தது. கடையில் ஆசையாக வாங்கிய மீன் வைத்த ரொட்டிப் பணிஸை ஒரு கடற்காகம் என் கையில் இருந்தே பறித்துக்கொண்டு போனது. அறுவான், கால்வாசிகூட மிச்சம் வைக்கவில்லை.

"லைசன்ஸும் போச்சு, தொப்பியும் போச்சு, பணிஸும் போச்சு," என்று நான் புலம்ப, ரயிலில் டிக்கெட்டைப் பற்றிக் கேட்ட பிறகு அம்பிகா முதல்முறையாக வாய் திறந்து பேசினாள்.

"உங்களுக்காவது ஒரு மாசத்துல லைசன்ஸ் திரும்பக் கிடைச்சிரும்ணா. ஊர்ல ஸ்கூட்டி, கார் எல்லாம் ஓட்டினவ நான். நம்ம ஊர் லைசன்ஸ் இங்க ஆறு மாசத்துக்கு மேல செல்லாதாம். டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டி, ரெண்டு வாட்டி ஃபெயில். மூணாவது வாட்டி போகவே வெக்கமா..." சட்டென்று நிறுத்தினாள். "விடுங்க. அது எதுக்கு இப்ப."

"தூத்துக்குடியிலை கடல் கிட்டவோ உங்கட வீடு?" என்று அக்கா கேட்டார்.

"மொட்டை மாடில நின்னா தெரியும் மேடம். இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. கடலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். சனிக்கிழமையும் லேப், லேப்புன்னு போயிருவார்."

சொல்லிவிட்டு மறுபடி எங்களையே பார்த்தாள். அக்கா என் விலாவில் இடித்தார். நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"நாலு வருஷம் கடலைக் கேட்ட பிள்ளை, கடல் வந்த பிறகு ஏன் காந்தன் எங்கட முகத்தைப் பாக்கிறா?" என்று காதோடு கேட்டார். "டிக்கெட் இல்லாததுகள்தான் பரிசோதகரை இப்பிடிப் பாக்கும்."

அட கடவுளே, இந்த மனுஷி ஒருவரையும் விடாது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஃபோர் தீவின் துறைமுகத்தில் அம்ரும் தீவுக்குப் போகும் கப்பல் வந்து நின்றது. துறைமுக மணிக்கூட்டில் பதினொன்று பத்து. நான் கைபேசியில் கவிஷனின் வீடியோவைத் திறந்தேன். அதே இடம், அதே மணிக்கூடு, வீடியோவில் பதினொன்றே கால். கவிஷன் ஏறுபாலத்தில் நடந்து கப்பலுக்குள் போகிறான். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையில் ஒரு சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "சாப்பாடு கையில, கப்பல் கடையில காசு குடுக்கத் தேவையில்லை!" என்கிறான்.

வீடியோவில் அந்த ஏறுபாலம் கரையில் இருந்து கப்பலுக்கு நல்ல சரிவாக இறங்கியது. கவிஷன் சறுக்காமல் இருக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

நிமிர்ந்து பார்த்தேன். என் முன்னால் இருந்த ஏறுபாலம் கொஞ்சம் மேல்நோக்கி ஏறியது!

"அக்கா! பிடிச்சிட்டன் கள்ளனை!" என்று கத்தினேன். "இண்டைக்கும் சனிக்கிழமை, அதே நேரம், அதே கப்பல். அங்கை பாலம் இறங்குது, இங்கை ஏறுது. இது வேறை ஏதோ நேரம் எடுத்த வீடியோ. மணிக்கூட்டிலை ஏதோ விளையாடியிருக்கிறான்!"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஏறுபாலத்தின் அருகில் நின்ற மஞ்சள் சட்டைக் கப்பல் ஊழியரிடம் போய் ஜெர்மனில் இரண்டு வார்த்தை கேட்டார். அந்த மனிதர் ஒரு தடித்த விரலால் சுவரில் இருந்த வற்றுப்பெருக்கு அட்டவணையைக் காட்டி, நிதானமாக விளக்கினார். கடல் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப் போகும். ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், போனால் வற்றின நேரம் பெருக்கு நேரமாக மாறிவிடும். இன்றைக்குப் பதினொன்றே காலுக்குக் கடல் நிரம்பி இருக்கிறது, கப்பல் உயர்ந்து நிற்கிறது. போன சனிக்கிழமை இதே நேரம் கடல் நன்றாக வற்றிக் கிடந்தது, கப்பல் கீழே நின்றது.

"அப்ப, பாலம் இறங்கினது..." என்று இழுத்தேன்.

"போன சனிக்கிழமை இறங்கத்தான் வேணும். ஏறியிருந்தால்தான் பொய்."

நான் விடவில்லை. "அப்ப அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் சனிக்கிழமையும் இப்பிடி வற்றியிருக்குமே? அண்டைக்கு எடுத்திருந்தால்?"

அக்கா அதையும் கேட்டார். மஞ்சள் சட்டைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை புயல்காற்று, அம்ருமுக்கு ஒரு கப்பலும் ஓடவில்லையாம். விபத்து நடந்த கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை ஒவ்வொரு நாளும் கவிஷன் சுப்பர்மார்க்கெட்டில் வேலையில் இருந்தது எங்களுக்கே தெரியும். வீடியோவைப் போட்டது போன சனிக்கிழமை மத்தியானம். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டது.

"ஆக, பொடியன் உண்மையிலேயே இங்கைதான் நிண்டிருக்கிறான்," என்றார் அக்கா. "கவிஷன் கார் ஓட்டேல்லை. வாரும், கப்பல் வெளிக்கிடப்போகுது."

மூன்று மாற்று ரயில், ஒரு நாய், ஒரு தொப்பி, ஒரு பணிஸ். இவ்வளவையும் கொடுத்து, என் சொந்தச் சந்தேகத்துக்கு நானே குழி வெட்டியிருந்தேன். அம்பிகாவைத் திரும்பிப் பார்த்தேன். கவிஷன் தப்பினால் அவள் புருஷன் கழுத்தில்தானே கயிறு இறுகும், அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"கவிஷன் பண்ணியிருக்க மாட்டான்ணா. நல்ல பையன்," என்றாள் மெதுவாக. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. புருஷனைக் காப்பாற்ற வந்தவள், அடுத்தவன் மாட்டவில்லை என்று நிம்மதிப்படுவாளா?

*

மேல்தட்டில் எங்கே திரும்பினாலும் காற்று அறைந்தது. புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு வெள்ளை பெஞ்சு, எங்கள் ஊரில் வாங்கு, மட்டும் காற்றுப் படாமல் இருந்தது. மூவரும் அதில் ஒதுங்கினோம். அம்பிகா பையைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். மூடியைக் கழற்றியதும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணந்தன. கடற்காகங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அள்ளி அள்ளி விழுங்கினேன்.

"உங்கட ஆக்கள் பயணம் போக இதைத்தான் கட்டுவினம் என்ன? எங்கட ஆக்கள் எண்டால் ரோல்ஸ், இல்லாட்டிப் புட்டு. புளிச்சாதம் கட்ட மாட்டினம்."

"கெடாதுண்ணா. காலைல கிளறினா ராத்திரி வரைக்கும் தாங்கும்."

அக்கா சாப்பிடவில்லை. மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. 'உமாபதி – அம்பிகா 23-8.'

"பாத்திரத்திலை பேர் வெட்டுவியளோ?" என்று கேட்டார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"கல்யாணத்துக்குக் குடுக்கிற பாத்திரம்னா கண்டிப்பா வெட்டுவாங்க மேடம். இல்லன்னா யாரு வீட்டுக்குப் போச்சுன்னே தெரியாது. இது சித்தி குடுத்த செட். ஒரே மாதிரி ரெண்டு டப்பா."

"மற்றது எங்கை?"

"அவர்கிட்ட. லேப்ல விட்டுட்டு வந்துட்டார். ஒரு வாரமாக் கேக்கிறேன், கொண்டு வரவே இல்ல."

"கடைசியா எப்ப அதிலை சாப்பாடு கட்டிக் குடுத்தனீங்கள்?"

"போன சனிக்கிழமை காலைல. ஏதோ எக்ஸ்பெரிமென்ட்னு இருட்டோட கிளம்பிட்டார். அவசர அவசரமா புளிச்சாதம்தான்..."

அக்கா என் கைபேசியை வாங்கினார். கவிஷன் டப்பாவைத் தூக்கிக் காட்டும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினார். மூடியில் வெயில் பட்டுப் புள்ளிப் புள்ளியாக எழுத்துத் தெரிந்தது. தேதியின் வாலும் தெரிந்தது. அதை அம்பிகாவின் முன்னால், மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் வாயில் இருந்த சோற்றை விழுங்க மறந்துபோனேன்.

"சனிக்கிழமை காலமை உங்கட வீட்டிலை இருந்து உமாபதியோடை போன டப்பா," என்றார் அக்கா, "பதினொன்றே காலுக்கு இந்தக் கப்பலிலை நிக்குது. இன்னொண்டும் பாருங்கோ. கவிஷன்ர ஒரு கை கம்பியிலை, மற்றக் கை டப்பாவிலை. அப்ப வீடியோ எடுத்தது ஆர்? தனிய வந்தனான் எண்டு சொன்ன பொடியனுக்கு மூண்டாவது கை முளைச்சதோ?"

"அக்கா! அப்ப உமாபதியும்..." என்று துள்ளி எழும்பினேன்.

"ஓம். உமாபதி இந்தக் கப்பலிலைதான் நிண்டவர். கார் ஓட்டேல்லை." அக்கா அம்பிகாவைப் பார்த்தார். "பிள்ளை, நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுது. உங்கட மனுசன் ஓட்டேல்லை. சந்தோசம்தானே?"

நான் சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். என் ஒற்றைக் கைதட்டல்தான் கேட்டது. அம்பிகாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டிருந்தது. டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பல்லயா? என்கிட்ட லேப்னுதான... அப்ப ஏன் போலீஸ்கிட்ட இதைச் சொல்லல?" என்றாள். அது எங்களைக் கேட்ட கேள்வியாக இல்லை.

"அதைத்தான் நானும் யோசிச்சனான். தப்புறதுக்குக் கையிலை இவ்வளவு பெரிய சாட்சி இருக்க, அதை ஒளிச்சுப்போட்டு ஒருத்தன் குற்றத்தை ஏற்கிறான் எண்டால், அந்தச் சாட்சி வெளியிலை வந்தால் வேறை ஆரோ மாட்டுவினம். காந்தன், கார்த் திறப்பு எங்கை இருந்தது?"

"உமாபதி வீட்டிலை."

"உமாபதி கப்பலிலை எண்டால், வீட்டிலை ஆர்?"

நான் அம்பிகாவைத் திரும்பிப் பார்த்தேன். 

"அருட்பிரகாசம் அண்ணை ஆஸ்பத்திரியிலை சொன்னவர் ஞாபகமோ? 'நான் வலப்பக்கத்தாலைதான் போனனான், கார் என்ர பக்கத்தாலை எனக்கு நேரை வந்தது' எண்டு. தலையிலை அடிபட்ட கிழவர் உளறுறார் எண்டு போலீஸ் விட்டுட்டுது. நான் விடேல்லை. இந்த நாட்டிலை வலப்பக்கம்தான் ஓடுறது, இங்கை பிறந்த கவிஷன் இடப்பக்கத்தாலை போக மாட்டான். ஊரிலை இடப்பக்கம் ஓடிப் பழகின கை, கன நாளாய் ஓடாத கை, வெறும் தெருவிலை திரும்பேக்கை தன்ரபாட்டிலை இடப்பக்கம் போகும்." அக்காவின் குரல் தணிந்தது. "நீங்கள் எங்களிட்டை வந்த அண்டைக்கே எனக்கு உறுத்தினது, பிள்ளை. மனுசன் ஓட்டேல்லை எண்டு காட்டச் சொன்னீங்கள். ஆர் ஓட்டினது எண்டு கண்டுபிடிக்கச் சொல்லி ஒருக்காலும் கேக்கேல்லை."

 அம்பிகா டப்பாவை மடியில் இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஒரே ஒரு ரவுண்டு மேடம். ரெண்டு வாட்டி ஃபெயிலானதுல மனசே விட்டுப்போச்சு. பக்கத்துல யாரும் உக்காந்து திட்டாம, தனியா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்போம்னு... பாப்பா கிண்டர்கார்டன் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருந்தா. தெரு வேலைக்காக அந்த வாரமே கவிஷன் குடுத்து வச்ச சாவி கண்ணு முன்னாடி தொங்குச்சு. அந்தத் திருப்பத்துல ஒரு வண்டி கூட இல்ல. தூத்துக்குடில திரும்புற மாதிரியே திரும்பிட்டேன். பெரியவர் சரியாத்தான் வந்தார். தப்பு என்னுதுதான். இறங்கக் கதவத் திறந்தேன், கால் வரல மேடம். ரெண்டு பேர் அவர்கிட்ட ஓடி வந்தாங்க. நான் ஓடிட்டேன்."

"வீட்டுக்காரருக்குச் சொன்னனீங்களோ?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். நீ பாப்பாவப் பாத்துக்க, நான் பாத்துக்கிறேன்னார். அவ்வளவுதான் சொன்னார். போலீஸ்கிட்ட அப்படிச் சொல்லுவார்னு எனக்குத் தெரியாது. லேப்ல யாராவது அவரப் பாத்திருப்பாங்க, நீங்க அதக் கண்டுபிடிச்சா கேஸ் அப்படியே அடங்கிரும்னு நினைச்சேன். லூசு மாதிரி நினைச்சேன்."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அருட்பிரகாசம் அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் அவள் புளிச்சாதம் என் வயிற்றுக்குள் இருந்தது. சாப்பாடு தந்தவரைச் சந்தேகப்படுவதில்லை என்ற என் கொள்கையை அன்றைக்கே கடலில் எறிந்தேன்.

அக்கா கவிஷனுக்கு அழைத்தார். "தம்பி, டப்பா எங்களுக்குத் தெரிஞ்சிட்டுது. இனி ஒளிச்சுப் பிரயோசனமில்லை. வெட்டாத வீடியோவை அனுப்பும்," என்றார். மறுமுனையில் பொடியன் கொஞ்சம் மழுப்பினான், பிறகு "உமா அண்ணா சத்தியம் வாங்கினவர் அக்கா" என்றான், பிறகு அனுப்பினான்.

மூன்று தலையும் ஒரு சின்னத் திரைக்கு மேல் குனிந்தன. ஏறுபாலம் முடிந்த பிறகும் வீடியோ ஓடியது. கேமரா மேல்தட்டுக்கு ஏறி வந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்து உமாபதியின் குரல் கேட்டது, காற்றோடு போட்டிபோட்டுக்கொண்டு.

"கவிஷன், இங்க வா, இந்த பெஞ்சுல உக்காந்து பாரு. காத்து அடிக்குதா? இல்லல்ல? புகைபோக்கி மறைக்குது. இங்கதான் அம்பிகாவ உக்கார வைக்கணும். பாப்பாவ நடுவுல வச்சிட்டா கம்பி பக்கம் போகாது. நாலு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்கா, பாவம். வர்ற இருபத்தி மூணு, கல்யாண நாளு. வீட்டுச் சாப்பாடு, சின்ன ரயில், இந்தக் கப்பல். அவகிட்ட உளறிக்கிளறித் தொலைக்காதடா. நான் லேப்ல இருக்கிறதா நினைச்சிட்டு இருக்கா."

வீடியோவில் கவிஷன் தட்டிக் காட்டிய வெள்ளை வாங்கின் முனையில் வண்ணம் உரிந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அதே உரிந்த வண்ணத்தின் மேல்தான் அம்பிகா உட்கார்ந்திருந்தாள்.

 அவள் தலையை நிமிர்த்தி, அன்றைக்கு முதல்முறையாகக் கடலைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை. அம்ரும் தீவின் கலங்கரை விளக்கம் கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கப்பல் கரையைத் தட்டியது. ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். அக்கா எழும்பவில்லை.

"பிள்ளை, நான் போலீஸ் இல்லை," என்றார். "என்னட்டை நீங்கள் கேட்டது ஒண்டு, அதைச் செய்து முடிச்சிட்டன். உங்கட மனுசன் கப்பலிலை நிண்டதைத் திங்கட்கிழமைக்கு முதல் நான் வக்கீலிட்டைக் குடுப்பன். அது குடுக்காமல் இருக்க ஏலாது. மிச்சம் உங்கட கையிலை."

அம்பிகா டப்பாவை மூடினாள். புள்ளி வெட்டிய பெயர்களின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு எழுந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"இந்தக் கப்பல் எப்ப மேடம் திரும்பும்?"

"அரை மணித்தியாலத்திலை. ஏன்?"

"நான் இறங்கல. இதுலயே திரும்பிடலாம். முதல்ல ஆஸ்பத்திரி. அந்தப் பெரியவர்கிட்ட நான்தான்னு சொல்லணும். அப்புறம் போலீஸ். வீட்டுக்காரர் அங்க போய் எதுவும் எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னாடி." மூச்சை இழுத்து விட்டாள். "என்கிட்ட லைசன்ஸ் இல்ல, நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன் மேடம்."

சுந்தரேஸ்வரி அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடம் ஆயிரமாயிரம் முகங்களைச் சலித்த கண்கள் அவை. அதுவரை அவை நனைந்து நான் கண்டதில்லை. கையை நீட்டி அம்பிகாவை வாங்கில் தன் பக்கத்தில் இருத்தினார்.

"காந்தன்," என்றார், "ஒருத்தர்கூட இல்லை எண்டு காலமை ரயிலிலை சொன்னன் அல்லோ?"

"ஓம் அக்கா."

"இனி அப்பிடிச் சொல்ல ஏலாது."